மீன்களின் மகிழ்ச்சி குறித்த தீர்மானம்

தனபாலுக்கு ஒரு தலைவர் பதவி தேவைப்பட்டது. எதற்குத் தலைவர் என்பது அவருக்கு இரண்டாம்பட்சம். கோவை கணபதிப் பகுதியில் பம்ப்செட்டுக்கு உதிரிபாகம் கடையும் பட்டறை நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு மாடி ஏறிவிட்டது. ஆனால் கல்யாண மண்டபத்துக்குப் போனால் முன்வரிசை சோபாவில் உட்காரச் சொல்ல ஆளில்லை. அதில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் ஏதாவது ஒன்றுக்குத் தலைவர்கள். கோயில் கமிட்டியைப் பங்காளிகள் வளைத்துப் போட்டிருந்தார்கள். பட்டறைக்காரர்கள் சங்கத்தில் துணைச் செயலாளர் பதவிக்கே அடிதடி. மிச்சம் கிடந்தது கணபதி வட்டார உயிரிரக்கச் சங்கம் மட்டும்தான்.

சங்கத்தின் உறுப்பினர்கள் அமாவாசை, வெள்ளிக்கிழமை, கூட்டம் நடக்கும் நாள் ஆகிய தினங்களில் கறி தின்னக்கூடாது என்பது விதி. கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமைதான் வைக்க முடியும் என்பதால், உயிர்கள் மேல் அளவற்ற இரக்கம் இருந்தும் சங்கம் வருஷத்துக்கு இரண்டு கூட்டத்துக்கு மேல் நடத்தியதில்லை.

தலைவர் தேர்தலுக்குக் கூடிய கூட்டத்தில் தனபால் பெயரை முன்மொழிந்ததும் எழுந்து நின்றார் சுந்தரராஜுலு. கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். மைக் இல்லாத இடத்திலும் மைக் முன்னால் நிற்பதுபோலவே பேசுவார்.

"தனபால் அவர்களின் வரவேற்பறையில் ஒரு கண்ணாடிச் சிறை இருக்கிறது. அதில் ஏழு தங்கமீன்கள் விசாரணையே இல்லாமல் அடைபட்டுக் கிடக்கின்றன. சிறை அதிகாரியையா நாம் தலைவராக்கப் போகிறோம்?"

அந்த வருஷங்களில் கோவையில் கலர் டி.வி.க்கு அடுத்தபடி மரியாதை மீன்தொட்டிக்குத்தான். தொட்டி வைத்த வீட்டில் கண் திருஷ்டி படாது, தொழில் பெருகும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். தனபால் வாங்கியதும் அதற்காகத்தான். அது சிறை என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

"ஏனுங்க வாத்தியாரே, நீங்க புதங்கிழமையானா மீன் கொழம்பு திங்கறவருதானுங்களே?" என்றார் பொருளாளர் அப்புசாமி.

"தின்பது பசி. வைத்துப் பார்த்து ரசிப்பது குரூரம்," என்றார் சுந்தரராஜுலு. பாதிப் பேர் கைதட்டினார்கள். இப்படி ஒரு பதிலைத்தான் அவர்கள் ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அடுத்த ஞாயிறு சங்கமே தனபால் வீட்டுக்குப் போய் மீன்கள் மகிழ்ச்சியாக இருக்கின்றனவா என்று நேரில் பார்க்கும். மகிழ்ச்சி என்றால் தனபால் தலைவர். இல்லையென்றால் சுந்தரராஜுலு. அங்கேயே தேர்தல்.

"மத்தியானச் சாப்பாடு நம்மூட்லதானுங்க," என்றார் தனபால். மீன்களின் மகிழ்ச்சியைப் பற்றி அப்புசாமிக்கு அந்த நிமிஷமே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

தொட்டியை வாங்கியதோடு தனபாலின் பங்கு முடிந்திருந்தது. தண்ணீர் மாற்றுவது, பாசி தேய்ப்பது எல்லாம் அவர் சம்சாரம் பழனாத்தாள்தான். குழாய்த் தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து, தட்டம் போட்டு மூடி, ஒரு நாள் முழுக்க அப்படியே வைப்பாள். மறுநாள் தொட்டியில் கால்வாசியை எடுத்துவிட்டு அதை ஊற்றுவாள். சனிக்கிழமை சோமனூரில் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பியவள், ஞாயிறு முதல் பஸ்ஸில் வந்து சமைத்துவிடுவதாகவும், பக்கெட்டில் தண்ணீர் வைத்திருப்பதாகவும், மற்றதைத் தான் பார்த்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

ஞாயிறு விடியக்காலையில் குழாயில் சிறுவாணித் தண்ணீர் வந்தது.

சிறுவாணி என்றால் கோயமுத்தூர்க்காரனுக்கு என்ன என்பதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவது கஷ்டம். தனபால் ஈரோட்டுக்குப் போனால்கூடத் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு, துக்க வீட்டில் இருப்பவர்போல் முகத்தை வைத்துக்கொள்வார். வந்தவர்களுக்கு மோர் கொடுக்கிறாரோ இல்லையோ, ஒரு சொம்பு சிறுவாணியை நீட்டி, அவர்கள் குடித்து முடிக்கும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்படிப்பட்டவர் கண்ணில் மூடிவைத்த பக்கெட் பட்டது. நேற்றுப் பிடித்த தண்ணீர். சங்கமே வரும் நாளில் வீட்டில் உள்ள ஜீவன்களுக்குப் பழைய தண்ணீரா? அதுவும் கால்வாசியா? கேட்டால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? மீன்களை ஒரு சட்டிக்கு மாற்றிவிட்டு, தொட்டித் தண்ணீரை முழுக்க இறைத்து வெளியே கொட்டினார். குழாயில் ஓஸ் பைப்பைச் சொருகி, நுரைக்க நுரைக்கப் புதுச் சிறுவாணியை விளிம்புவரை நிரப்பி, மீன்களைத் திரும்ப விட்டார். குழாய்த் தண்ணீரில் கலக்கும் மருந்தின் நெடி கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. சுத்தத்தின் வாசனை என்று அதையும் நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டார்.

பழனாத்தாள் பின்கதவு வழியாக வந்து நேராக அடுப்படிக்குள் போய்விட்டாள். சங்கமும் வந்து சேர்ந்தது. தொட்டியைச் சுற்றி நாற்காலி போட்டு, முகூர்த்தத்துக்கு வந்தவர்களைப்போல் உட்கார்ந்தார்கள்.

மீன்கள் இந்தக் கண்ணாடிக்கும் அந்தக் கண்ணாடிக்கும் அம்புபோல் பாய்ந்துகொண்டிருந்தன.

"பாருங்க, எத்தன சுறுசுறுப்பு!" என்றார் அப்புசாமி. "என்ற பையன் பரீச்சைக்குக்கூட இப்பிடி ஓடுனதில்லீங்க."

சற்று நேரத்தில் ஏழும் மேலே வந்து, வாயைத் திறந்து திறந்து மூடின.

"பசிக்குதாட்ட இருக்குதுங்க," என்றார் ஒருவர்.

அவ்வளவுதான். பசி என்ற சொல்லைக் கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டிருக்க அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஆளுக்கொரு பிடி தீனியை அள்ளிப் போட்டார்கள். ஒருவர் பிஸ்கட்டை நுணுக்கிப் போட்டார். "சும்மா வாங்கிக்கோ கண்ணு, இன்னொருக்கா," என்று ஒரு மீனை வற்புறுத்தினார் அப்புசாமி. எதையும் மீன்கள் தொடவில்லை. "கூச்சப்படுதுங்க," என்றார்கள்.

சுந்தரராஜுலு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். "வாயசைவில் ஒரு லயம் இருக்கிறது," என்று ஒப்புக்கொண்டார். "அதிருப்தி உள்ள உயிர் இப்படி அசைக்காது. நான் பிடிவாதக்காரன் அல்ல."

தனபாலுக்கு முன்வரிசை சோபாவின் மெத்தை இடுப்புக்குக் கீழே தட்டுப்பட்டது.

அப்போதுதான் பழனாத்தாள் காப்பித் தட்டோடு வந்தாள். தொட்டியைப் பார்த்தாள். தட்டு அவள் கையிலேயே நின்றது.

"ஏனுங்க, தண்ணி மாத்துனீங்களா?"

"எல்லாம் மாத்தியாச்சு. நீ காப்பியக் குடு அம்மணி."

"பூராவுமா? பைப்புத் தண்ணிய அப்படியேவா? அதுல இருக்கற மருந்து மீனுக்கு வெசமுங்களே! பக்கெட்டுத் தண்ணிய எடுக்கலீங்களா? அதுக மூச்சுக்குத் தவிக்குதுங்க!"

சங்கம் தனபாலைப் பார்த்தது. ஒரு நிமிஷத்தில் அவருக்கும் புரிந்துவிட்டது. எழுந்து, 'ஆமாங்க, தப்புப் பண்ணிப்போட்டேன், முதல்ல இதுகளக் காப்பாத்தலாம்' என்று சொல்லலாம். சொன்னால் சுந்தரராஜுலு தலைவர். மூலையில் ஒரு மீன் மெல்லச் சாய்ந்தது. தனபால் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டுவதுபோல் அந்த மூலையை மறைத்து நின்றுகொண்டார்.

"பொம்பளைகளுக்கு எல்லாத்துலயும் பயமுங்க," என்று சிரித்தார். "ஓட்டெடுப்ப முடிச்சுப்போட்டுக் காப்பி குடிக்கலாங்களே."

'மீன்கள் மகிழ்ச்சியாக உள்ளன' என்று தீர்மானம் எழுதி எல்லோரும் கை தூக்கினார்கள். தனபால் கழுத்தில் மாலை விழுந்தது. தலைவர் தொண்டையைச் செருமினார்.

"அன்புள்ளங்களே, ஓர் உயிரின் துன்பத்தை..."

பழனாத்தாள் பக்கெட்டோடும் டீ வடிகட்டியோடும் வந்து அவரை ஒரு கையால் நகர்த்தினாள். முழங்கைவரை தொட்டிக்குள் விட்டு, அசையும் மீன்களை ஒவ்வொன்றாக அள்ளிப் பக்கெட்டில் போட்டாள். நாலு தேறின. மூன்று வயிறு மேலாக அங்கேயே மிதந்தன. பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு அவள் அடுப்படிக்குள் போனாள்.

பட்டறையில் கடைசல் பிசகினால் அதையே வேறு சாமானாக்கி விற்கத் தெரிந்தவர் தனபால்.

"பார்த்தீங்களா!" என்றார் குரலை உயர்த்தி. "பதவியேற்றதும் என்ற முதல் உத்தரவு. இந்த வீட்டுச் சிறை இன்னைக்கோட ஒழிஞ்சுது. மீன்களுக்கு விடுதலை!"

கைதட்டலில் ஜன்னல் அதிர்ந்தது. சுந்தரராஜுலுவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இன்றே! இப்போதே! ஊர்வலமாகக் குளத்துக்கு!"

சங்கம் திரண்டு அடுப்படிக்குப் போனது. கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

"அம்மணி, கதவத் தொற. பக்கெட்டக் குடு."

"எதுக்குங்க?"

"குளத்துல உடறோம். விடுதலை!"

"தொட்டீல பொறந்து தொட்டீல வளந்ததுகளுங்க. குளத்துல உட்டா கொக்குக்குத்தான் விருந்து. ஆசைக்கு வாங்கியாந்தது நாம. அதுக சாகற மட்டும் தண்ணி மாத்தறதுதான் நம்ம வேலை. அத நான் பண்ணிக்கறேன்."

"சங்கமே நிக்குது பழனாத்தா! மானத்த வாங்காத."

"நிக்கட்டுங்க. சாப்பாட்டுக்கு வந்தவுங்கதானே?"

"ஆமா."

"சாப்பாடும் இங்கதானுங்க இருக்குது. அரிசிம்பருப்பு சாதம், கொள்ளு ரசம், கத்திரிக்கா பொரியல். நெய் காச்சி வெச்சிருக்கறேன். மீனக் கேட்டா கதவு தொறக்காது. மீனுப் பேச்ச உட்டுடறோம்னா எல போடறேன். கேட்டுச் சொல்லுங்க."

கதவிடுக்கில் நெய் வாசனை வந்தது. கறி தின்னாத ஞாயிற்றுக்கிழமை. மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. வாசலுக்கு வந்தவர்களைப் பட்டினி போட்டவர் என்று கல்யாண மண்டபங்களில் தன் பேர் போவதைத் தனபால் நினைத்துப் பார்த்தார். சங்கத்தின் பக்கம் திரும்பினார்.

அப்புசாமிதான் கனைத்தார். "விடுதலைங்கறது அவசரப்படற காரியமில்லீங்க. அடுத்த கூட்டத்துல வெச்சுக்கலாம். ரசம் ஆறிப்போயிரும்."

"அடுத்த கூட்டம் ஆறு மாதம் கழித்தல்லவா?" என்றார் சுந்தரராஜுலு.

"அதனால என்னங்க? அதுக எங்க போயிரப்போகுது?"

சுந்தரராஜுலு யோசித்தார். பிறகு, கை கழுவப் போனார். ஒருமனதாக நிறைவேறியது.

கதவு திறந்தது. பந்தி நிரம்பியது. வீட்டுக்காரர் கடைசியில்தான் உட்கார வேண்டும் என்பதால் தனபால் சுவரோரமாக நின்றார். பழனாத்தாள் நெய்க் கிண்ணத்தோடு அவரைக் கடக்கும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"நின்னுட்டே இருந்தா எப்படிங்க? தொட்டீல மூணு கெடக்குது. பொடக்காளியில குழி தோண்டிப் பொதச்சுப்போட்டு வாங்க. வாட வந்துரும்."

மாலையைக் கழற்றி வைக்க இடம் தேடினார், கிடைக்கவில்லை. அதோடேயே வீட்டுக்குப் பின்னால் போய் மண்வெட்டியை எடுத்தார். வெயிலில் மண் கல்லாக இறுகிக் கிடந்தது. ஜன்னல் வழியாகச் சுந்தரராஜுலுவின் குரல் கணீரென்று வந்தது:

"அம்மா, இன்னும் ஒரு கரண்டி ரசம். தலைவர் எங்கே, ஆளையே காணோமே?"