போறேன் என்றார் கோமதிநாயகம்

வட்டமாகப் போட்ட பன்னிரண்டு நாற்காலிகளில் ஒன்று மட்டும் கிறீச்சிடுகிறது, அது கிறீச்சிட்டால் தாமிரபரணிக்கு அக்கரையில் கொக்கு எழுந்து பறக்கும், அப்படியொரு குரல் அதற்கு, யார் உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் தெரியவில்லை, மதியத் தூக்கத்தில் வருகிற நாற்காலிகள் ஆளை உடனே காட்டுவதில்லை, முதலில் மனநலப் பிரிவின் பச்சைச் சுவர் வருகிறது, பிறகு பினாயில் வாசம், பிறகு ஒரு புதன்கிழமைக் காலை, பிறகு நான், ஓய்வுபெற இன்னும் பதினோரு வருடம் இருக்கிற நான், கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையில் அப்பளம் மாதிரி விறைத்து நிற்கிறேன்.

நோயாளிகளை வட்டமாக உட்காரவைத்து மனசில் கிடப்பதை ஒருவருக்கொருவர் சொல்லவைப்பது என் வேலை, பதிவேட்டில் குழு சிகிச்சை என்று எழுதுவோம், வார்டில் அதற்குக் கூட்டம் என்று பெயர், இன்னைக்குக் கூட்டம் உண்டா சிஸ்டர் என்பார்கள், கூட்டத்துக்கு ஏற்ற பேச்சாளரும் இருந்தார், சொரிமுத்து அண்ணாச்சி, பேருந்தில் கண்டக்டராக இருந்தவர், ரெண்டே வார்த்தை சிஸ்டர் என்று தொடங்குவார், அப்போது ஜன்னலுக்கு வெளியே முளைவிட்ட வேப்பங்கன்று அவர் முடிக்கும்போது நிழல் கொடுக்கும், நிறுத்துங்கள் என்றால் கோபித்துக்கொண்டு மாத்திரையைத் துப்பிவிடுவார், பேசவிட்டாலோ மற்ற பத்துப் பேருக்கும் வாயே வேண்டியதில்லை, அதனால் நான், அண்ணாச்சி, இந்த ஸ்டாப்புல வண்டி கொஞ்சம் நிக்கட்டும், மத்தவங்களும் ஏறணும்லா என்பேன், அவர் வாயாலேயே விசிலடித்துத் தன்னை நிறுத்திக்கொள்வார், இதெல்லாம் பாடத்தில் கிடையாது, பாடத்தில் சொல்லித்தந்தது ஒன்றுதான், அமைதி வந்தால் அவசரப்பட்டு அதை நிரப்பாதே.

ஏறாமலே நின்றவர் ஒருவர் இருந்தார், கோமதிநாயகம், மின்வாரியத்தில் லைன்மேன், மூன்று வாரமாக யார் என்ன கேட்டாலும் நல்லாருக்கேன் சிஸ்டர், அதோடு சரி, நல்லாருக்கேன் என்று சொன்னவரை டாக்டரும் நம்பினார், நானும் நம்பினேன், அந்தப் புதன்கிழமை மத்தியானம் அவருக்கு வீட்டுக்குப் போக அனுமதி, மச்சான் புது வேட்டியோடு வந்து வெளியே பெஞ்சில் காத்திருக்கிறார், கூட்டத்தின் நடுவில் கோமதிநாயகம் எழுந்தார், வட்டத்தில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கும்பிட்டார், கடைசியில் என்னை, நான் போறேன் சிஸ்டர் என்றார்.

ஏ அண்ணாச்சி, போறேன்னு சொல்லப்பிடாது, நல்ல காரியத்துக்குப் போகையில இது என்ன பேச்சு என்று எதிர் நாற்காலியில் இருந்த மூக்கம்மாள் அதட்டினாள், எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சிரித்தது போதாதென்று, போய்ட்டு வாரேன்னு சொல்லுங்க அண்ணாச்சி என்று வீட்டுப் படியில் நிற்கிற சித்தி மாதிரி திருத்தியும் விட்டேன், அவர் ஒரு கணம் யோசித்தார், சரி சிஸ்டர், வாரேன் என்றார், பள்ளிக்கூடப் பிள்ளை போலப் பணிவாக, வாசலை நோக்கி நடந்தார்.

வாசல் ஆறு அடி தூரம், அதை நான் இன்றும் நடந்துகொண்டிருக்கிறேன், ஒரு மனுஷன் மூன்று வாரத்தில் முதல்முறையாக உள்ளதைச் சொல்லியிருக்கிறான், நான் அதைச் சாய்ந்த படத்தை நேராக்குகிற மாதிரி நேராக்கி மாட்டிவிட்டேன், தனித்தனியாக ஏன் கும்பிட்டார், வீட்டுக்குப் போகிறவர் முகத்தில் வீடு ஏன் இல்லை, அண்ணாச்சி நில்லுங்க என்கிறேன், நான் திருத்துனது தப்பு, நீங்க மொதல்ல சொன்னதுதான் நெசமா, அவர் நிலைக்கதவைப் பிடித்தபடி நின்றார், திரும்பவில்லை, செத்துப்போகணும்னு நெனைக்கியளா என்று கேட்டேன், அத்தனை பேர் முன்னால், சுற்றிவளைக்காமல்.

சிரிப்பு அப்படியே விழுந்தது, சொரிமுத்து வாயைத் திறந்தார், நான் பார்த்த பார்வையில் மூடினார், அமைதி, நான் மனசுக்குள் எண்ணத் தொடங்கினேன், ஐந்நூறு வரை எண்ணினேன் என்றுதான் ஊரெல்லாம் சொல்லிவருகிறேன், நிஜத்தில் பதினேழு, பதினெட்டுக்கு முன்னால் அவர் ஆமா என்றார், கதவிடம் சொல்வது போல, பிறகு, இங்க வச்சு எதுவும் செஞ்சா உங்களுக்குக் கெட்ட பேருலா சிஸ்டர், அதான் வீட்டுக்குப் போற வரைக்கும் பேசாம இருந்தேன் என்றார்.

மூக்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், அப்போது சொரிமுத்து எழுந்துபோய் அவர் தோளைத் தொட்டார், உக்காருங்க தம்பி என்றார், வாழ்நாளில் அவர் ரெண்டே வார்த்தையில் முடித்த பேச்சு அது, கோமதிநாயகம் வந்து உட்கார்ந்தார், நாற்காலி கிறீச்சிட்டது, யாரும் சிரிக்கவில்லை, மின்கம்பத்தின் மேலே நின்று எத்தனை முறை கையுறையைக் கழற்றிப் பார்த்தார் என்பதை அவர் மெதுவாகச் சொல்லத் தொடங்கினார், சாப்பாட்டு மணி அடித்தும் ஒருவரும் எழவில்லை.

டாக்டர் ஓடிவந்து அனுமதிச் சீட்டைக் குறுக்கே கோடிட்டு அடித்தார், கட்டிலருகே இரவும் பகலும் ஆள் என்று எழுதினார், மச்சான் வேட்டியை மடியில் வைத்துக்கொண்டு அழுதார், இரண்டு மணிக்கு என் டியூட்டி முடிந்தது, பையை எடுத்துக்கொண்டு அவர் கட்டிலருகே போனேன், வாரேன் அண்ணாச்சி என்று வழக்கம்போல வாய் சொல்லிவிட்டது, அவர் என் வாயையே பார்த்தார், எப்பம் என்றார், இருபத்தைந்து வருடம் ஆயிரம் பேரிடம் சொல்லியிருக்கிறேன், ஒருவரும் கேட்டதில்லை, நாளைக்கு என்றேன், மறுநாள் எனக்கு வார விடுமுறை, தங்கை மகளுக்குக் காதுகுத்து, தாய்மாமன் இல்லாத குறைக்கு அவளை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியவள் நான், குத்தி முடிந்ததும் முடியாததுமாக ஆட்டோ பிடித்தேன், பட்டுச்சேலையும் தலைநிறையப் பிச்சிப்பூவுமாக வார்டுக்குள் நான் நுழைந்தபோது காவல்காரரே கல்யாணப்பெண் தப்பி வந்துவிட்டதாக நினைத்திருப்பார், கோமதிநாயகம் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார், என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார், சிறிது நகர்ந்து இடம்விட்டார், வாங்க சிஸ்டர் என்றார்.