சுவர் தாண்டிய கொலை

நாள் முழுக்க தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வந்து படுத்தால், எனக்கு மிச்சமிருக்கும் ஒரே சுகம் போனில் ஓடும் துப்பறியும் படம்தான். ஆனால் பிணம் கிடைத்ததுமே தூங்கிவிடுகிறேன். இந்த வாரம் முழுக்க அதே படம், அதே பிணம். கொன்றவன் யாரென்றுதான் தெரியவில்லை.

ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டியிருக்கும் எங்கள் லயத்து வீடுகளில், ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவர் கூரையைத் தொடாது. நேற்றும் படத்தை முதலிலிருந்து போட்டேன். சுவருக்கு மேலாகப் பக்கத்து வீட்டு மார்கிரட் அக்காவின் குரல் வந்தது.

"ஜீவராணி, கொன்னது டாக்டரு!"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏங்க்கா சொன்னீங்க? நானே கண்டுபிடிச்சிருப்பேன்ல!"

"நீ எங்க கண்டுபிடிக்கிற? நீ தூங்கிர்ற, படம் தூங்குதா? தெனமும் கடைசி வரைக்கும் கேக்குறது நாங்கதான். எங்களுக்கும் விடிஞ்சா வேல இருக்கு. நாளைக்காவது வேற கொலையாப் போடு புள்ள."