கண்ணாடிப் பஞ்சு தொட்ட விரல்

அந்த இரண்டு விரல்களின் விலை ஒரு ஜவுளிக்கடை. விலை போட்டவர் எதிர்க்கடைக்காரர். போட்டது நாலு பேர் முன்னிலையில். "உன் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் எனக்குக் குடுத்துடு. என் கடையை எடுத்துக்கோ. அலமாரி, கத்திரி, கல்லாப்பெட்டி மேல தூங்கற பூனை எல்லாம் சேர்த்து!" என்றார். நம்ம ஆள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "பூனை எனக்கு வேண்டாம். அதுக்குப் பதிலா என்ன தருவே?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து கடைவீதி முழுக்க அவருக்கு 'விரல்காரர்' என்றே பேர். துணியின் ஓரத்தை இரண்டு விரலால் கிள்ளி, கண்ணை மூடி ஒரு தேய்ப்புத் தேய்ப்பார். சுத்தப் பருத்தியா, கலப்படமா, மூணாவது துவைப்பில் என்ன கதியாகும் என்பது வரைக்கும் சொல்லிவிடுவார். துணியில் ஒட்டியிருக்கும் சீட்டை அவர் படித்ததே கிடையாது. "சீட்டு காசு வாங்கிட்டுப் பேசும். துணி சும்மா பேசும்" என்பார்.

கடைக்கு மேலே ஒரு அறை. அதற்குத் தகரக் கூரை. அங்கேதான் அவர் மனைவி தையல் மெஷினோடு உட்கார்ந்து, கடையில் மிஞ்சும் துண்டுகளைத் தலையணை உறையாகவும் திரைச்சீலையாகவும் மாற்றிக்கொண்டிருப்பாள். வெயில் காலத்தில் பிற்பகல் மூணு மணிக்கு அவள் படியிறங்கி வந்தால் ஆவியில் வெந்த காய் மாதிரி இருப்பாள். கூரைக்கு அடியில் ஏதாவது போடச் சொல்லி இரண்டு கோடையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய தம்பிக்குத் தொழிலே அதுதான். வெயில் இறங்காமல் கூரைக்கடியில் கண்ணாடி இழைப் பஞ்சு அடிப்பது. மச்சான் ஒரு கூலி சொன்னான்; விரல்காரர் அதில் பாதியைச் சொன்னார். "அப்ப நீங்களே அடிச்சுக்குங்க மாமா" என்று சொல்லிவிட்டு அவன் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

வேறு வழியில்லாமல் அவரே சாமான் கடைக்குப் போனார். மஞ்சள் பஞ்சுச் சுருளைப் பேரம் பேசி, கடைக்காரர் கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் விலையை இறக்கினார்.

"கையுறையும் முகமூடியும் எடுத்துக்குங்கண்ணே, இது சாதாரணப் பஞ்சு இல்ல" என்றார் கடைக்காரர்.

"சும்மா தர்றியா?"

"இல்லண்ணே."

"அப்ப எதுக்கு? கையுறை போட்டுச் சரக்குப் பாக்கறவன், மூக்கைப் பொத்திக்கிட்டு அத்தர் வாங்கறவன்!"

யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுகிறவர்கள் உண்டு. இவர் அங்குசமே வேண்டாம் என்றுவிட்டார். அதோடு நிறுத்தினாரா? பொட்டலத்தைக் கிழித்தார். ஒரு கொத்துப் பஞ்சைக் கிள்ளி, கண்ணை மூடி, இரண்டு விரலுக்கும் நடுவில் வைத்து நன்றாகத் தேய்த்தார். சால்வை பார்க்கிற பழக்கத்தில் கன்னத்திலும் ஒரு தடவை வைத்துப் பார்த்தார். "இழை நைசாத்தான் இருக்கு" என்று சான்றிதழும் கொடுத்தார். கடைக்காரர் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். தன்னுடைய லாபத்தை ஒட்டக் கறந்தவருக்குப் புத்தி வேறு இலவசமாகச் சொல்வானேன் என்று மூடிக்கொண்டார்.

அன்று மதியமே அரைக்கைச் சட்டையோடு ஏணியில் ஏறிப் பாதிக் கூரையை முடித்தார். இறங்கும்போது மணிக்கட்டு அரித்தது. பிறகு கழுத்து. அப்புறம் விரல் இடுக்கு, கன்னம். சொறிந்தார். சொறிகிற சுகம் கந்துவட்டிக்காரனின் சிரிப்பு மாதிரி. கொடுக்கும்போது இனிக்கும், வசூலுக்கு வரும்போது தோலை உரிக்கும். வெந்நீர் ஊற்றினார், பத்து மடங்கானது. எண்ணெய் தடவினார், எண்ணெய்க்கும் சேர்த்து அரித்தது. மனைவியிடம் சொல்லலாம் என்றால், 'பஞ்சுதானே, இதுக்கு உன் தம்பிக்குக் கூலியா' என்று காலையில் பேசிய வாய் குறுக்கே நின்றது.

அரிப்பைக்கூடப் பொறுத்துக்கொள்வார். மறுநாள் காலையில் மில் கிடங்கில் சரக்கு எடுக்க வேண்டும். ஒரு பருவத்துக்கான மொத்தத் துணி. கையிலிருந்த முதல் எல்லாம் அதற்கென்று ஒதுக்கியாகிவிட்டது. எடுத்தால் எடுத்ததுதான், திருப்பிக் கொடுக்க முடியாது. சோதித்துப் பார்க்கலாம் என்று தன் கைக்குட்டையை எடுத்து விரலால் கிள்ளினார். நல்ல பருத்தி, அவரே பொறுக்கியது. கோணிச் சாக்கு மாதிரி இருந்தது. கோணிச் சாக்கை எடுத்துக் கிள்ளினார். அதுவும் கோணிச் சாக்கு மாதிரியே இருந்தது.

சாயங்காலம் தட்டு முன்னால் உட்கார்ந்தவரை மனைவி உற்றுப் பார்த்தாள். "என்னங்க, விரல்காரர் எப்பலேர்ந்து ஸ்பூனுக்கு மாறினாரு?"

"சும்மாத்தான்."

"கையைக் காட்டுங்க."

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாத கையைக் காட்டறதுல என்ன நஷ்டம்?"

காட்டினார். அவள் விளக்குக்கு நேரே இழுத்துத் திருப்பினாள். சிவந்து தடித்த தோலில் அங்கங்கே பொடிப் பொடியாக ஏதோ மினுங்கியது.

"வேலியில போன ஓணானைப் பிடிச்சு வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டு, குத்துதே குடையுதேன்னு... கண்ணாடிங்க இது! ஒவ்வொரு இழையும் ஊசி. சொறியச் சொறிய உள்ளே ஏறும். வெந்நீர் ஊத்தினீங்களா?"

"கொஞ்சம்."

"எண்ணெய்?"

"அதுவும் கொஞ்சம்."

"தம்பி வேலைக்குப் போக ஆரம்பிச்சப்போ நான்தான் அவன் துணியைத் துவைப்பேன். முதல் நாள் மத்த துணியோட சேர்த்து ஊற வச்சிட்டேன். வீடே ஒரு வாரம் சொறிஞ்சுது."

பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்து அவர் கையை ஓடுகிற நீரில் பிடித்தாள். சோப்பை நுரைத்து மேலே ஒழுக விட்டாள். தேய்க்கவில்லை, தேய்க்கப் போன அவருடைய மறு கையையும் தட்டிவிட்டாள். பிறகு துண்டால் ஒற்றி எடுத்து நன்றாகக் காயவிட்டாள். பார்சல் ஒட்டுகிற டேப்பைக் கடையிலிருந்து கொண்டுவந்து, ஒரு விரல் நீளம் கத்தரித்து, தோலில் மெல்ல அழுத்தி, நேராகத் தூக்கினாள். டேப்பை விளக்கில் காட்டினாள். இரண்டு மூன்று வெள்ளி முடிகள்.

"பாத்தீங்களா சரக்கு? நைஸ் இழை."

ஒட்டியதையே மறுபடி ஒட்டாமல் ஒவ்வொரு இடத்துக்கும் புதுத் துண்டு. உள்ளங்கை, இடுக்கு, மணிக்கட்டு. கன்னத்தில் ஒட்டியபோது, "கொஞ்ச நேரம் இப்படியே வாயையும் சேர்த்து ஒட்டினா மில்லுக்காரன் பிழைச்சுக்குவான்" என்றாள். அவருக்குச் சிரிப்பு வந்தது. எரிச்சல் ஒரு படி இறங்கியிருந்தது.

அவள் கூலி கேட்பாள் என்று காத்திருந்தார். தம்பிக்குப் போன் பண்ணுங்க என்பாள், காலையில் பேசியதைத் திருப்பி வாங்கிக்குங்க என்பாள். கேட்கவே இல்லை. குனிந்த தலையோடு ஒட்டி எடுத்துக்கொண்டே இருந்தாள். விலை சொல்கிற எவரையும் அவர் சமாளிப்பார். விலை சொல்லாத கையைச் சமாளிக்க அவருக்கு வித்தை தெரியாது.

"நாளைக்கு இந்த விரலை வச்சு எப்படிச் சரக்குப் பாக்கறது? இத்தனை வருஷத்துல ஒரு தடவை பொய் சொன்னதில்ல இது."

"ரெண்டு தடவை சொல்லியிருக்கு."

"எப்போ?"

"நீலக் கோடு போட்ட சரக்கு. முதல் துவைப்புலயே ஒரு சாண் சுருங்கிடுச்சு. வாங்கினவங்க வந்தப்போ நீங்க சாப்பிடப் போயிருந்தீங்க. மேல கூட்டிட்டுப் போய் ஓரத்துல துண்டு வச்சுத் தச்சுக் குடுத்தேன். அப்புறம் அந்தப் பச்சை. அதையும் அப்படித்தான்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் டேப்பைக் கத்தரித்தாள். "சொல்லியிருந்தா அடுத்த நாள் எந்தத் துணியைத் தொட்டாலும் உங்க கை நடுங்கியிருக்கும். நடுங்கற கையை வச்சுக்கிட்டு மில்லுக்காரன்கிட்ட என்ன பேரம் பேசுவீங்க?"

தான் கிள்ளிப் பார்த்து விட்டுவிட்ட துணியையெல்லாம் இவள் வெட்டி, மடித்து, தைத்து, திரும்பி வந்ததைச் சரியும் செய்திருக்கிறாள் என்பது இப்போதுதான் அவர் கணக்குக்கு வந்தது. அவர் விரல் துணியை ஒரு நொடி பார்த்தது. இவள் விரல் அதோடு குடித்தனம் நடத்தியிருக்கிறது.

காலையில் வீக்கம் வடிந்திருந்தது. அரிப்பு ஓய்ந்திருந்தது. ஆனால் கைக்குட்டை இன்னும் சாக்குதான். தோல் தேற இன்னும் நாளாகும். சட்டையை மாட்டிக்கொண்டே, "நீயும் வா" என்றார். அவள் ஏன் என்று கேட்கவில்லை.

கிடங்குக்காரர் சிரித்தார். "என்னண்ணே, இன்னிக்கு அண்ணியும் பேரத்துக்கா? எங்களுக்கு ஒரு ஆளே தாங்காதே!"

"அவளுக்கு ஜன்னலுக்குத் துணி வேணுமாம்."

விரல்காரர் வழக்கம்போலத் துணியைக் கிள்ளி, கண்ணை மூடி, தலையை ஆட்டினார். விரலுக்குத் தெரிந்ததெல்லாம் வெறும் சாக்கு. பக்கத்தில் அவள் துணி ஓரத்தைக் கைக்குள் கசக்கி, விரித்து, குறுக்கே ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தாள். மேல் கட்டிலிருந்து ஒரு துணி; குனிந்து, அடிக் கட்டிலிருந்து ஒரு துணி. நிமிரும்போது அவர் காதோரம், "மேல இருக்கறது சரி. அடியில இருக்கறது வேற நூலு. துவைச்சாக் கோணும்" என்றாள்.

அவர் கண்ணைத் திறந்தார். "மேல் கட்டு எல்லாம் எனக்கு. அடிக் கட்டை வேற ஆளுக்கு வச்சுக்குங்க."

கிடங்குக்காரர் முகம் சுருங்கி, பிறகு மரியாதையாக விரிந்தது. "அண்ணே, அடிக் கட்டைத் தொடாமலே சொல்றீங்களே! உங்க விரலுக்குக் கண்ணு இருக்கு."

இந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பழைய பெயரும் பழைய பெருமையும் சேர்ந்து அதை உள்ளே இழுத்துக்கொண்டன. அவர் சிரித்து வைத்தார். அவள் கிடங்கின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் சாமான் கடையில் கையுறை, முகமூடி, முழுக்கைச் சட்டை வாங்கினார். சொன்ன விலைக்கே. கடைக்காரர் பயந்துபோய், "உடம்புக்கு ஒண்ணுமில்லையே அண்ணே?" என்று விசாரித்தார்.

வீட்டுக் குழாயடியில், நேற்றைய அரைக்கைச் சட்டையைத் தனி வாளியில் அலசிக்கொண்டே அவர் உதட்டுக்குள் முணுமுணுத்தார்.

"என்ன முணுமுணுப்பு?" என்றாள் மாடிப்படியிலிருந்து.

"கணக்கு. நீதான் விலையே சொல்ல மாட்டேங்கறியே."

"முதல்ல மீதிக் கூரையை முடிங்க. கையுறையோட."

அவர் கூட்டிப் பார்த்தார். அவளுக்குச் சேர வேண்டியது: டேப் முக்கால் சுருள், மறைத்துக் காத்த தவறு இரண்டு, கோணாமல் தப்பித்த ஒரு பருவம், கிடங்கில் அவர் விழுங்கிவிட்ட பாராட்டு ஒன்று. அவர் கொடுத்தது: கூரை, பாதி. மீதிக் கூரையையும் சேர்த்துக் கழித்துப் பார்த்தார். அப்போதும் அவர்தான் அவளுக்குப் பாக்கி.