செல்லாத எண்

“அந்தக் காலைக் கொஞ்சம் தூக்குங்க, ஆடுது பாருங்க” என்றான் அண்ணன்.

பெட்டிக்காரர் கண்ணாடிப் பெட்டியின் ஒரு மூலையைத் தூக்கினார். தங்கை மடித்த அட்டையைக் காலுக்கடியில் செருகினாள். இறக்கியதும் பெட்டி மறுபடி ஆடியது. உள்ளே அப்பாவின் தலை, எதற்கோ ஒப்புக்கொள்வது போல, மெல்ல அசைந்தது. உயிரோடிருந்தபோதும் அண்ணன் வாயைத் திறந்தால் அப்பா அப்படித்தான்.

“அட்டை தாங்காதும்மா. தடியா ஏதாவது கொண்டா” என்றார் பெட்டிக்காரர். அதற்குள் அண்ணனின் அலுவலக ஆட்கள் மாலையோடு வந்துவிட்டார்கள்.

தங்கைக்கும் அதே அலுவலகம்தான். மெடிக்கல் கோடிங். டாக்டர் எழுதும் வியாதியையும் சிகிச்சையையும் எண்ணாக்கி இன்சூரன்ஸுக்கு அனுப்பும் வேலை. வருடம் பிறந்தால் பட்டியல் மாறும்; சில எண்கள் சாகும், சில பிறக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் பார்த்துத்தான் எழுத வேண்டும். பார்த்து எழுதுவது அண்ணனுக்குக் கௌரவக் குறைச்சல். கோடிங் தேர்வில் முதலாவதாக வந்த வருடத்துப் பட்டியல் புத்தகத்தை அப்படியே தலையில் ஏற்றியவன். ‘நடமாடும் புத்தகம்’ என்று ஆபீசில் பெயர். எந்த வருடத்துப் புத்தகம் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டியவர்களின் சம்பள உயர்வு அவன் கையில் இருந்தது.

அப்பாவுக்கு இதய வால்வு மாற்ற வேண்டும் என்றபோது, ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் மேசைப் பெண் கம்ப்யூட்டரில் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தாள்.

“நகரும்மா. இதுக்கெல்லாமா தேடுவாங்க?” என்று அண்ணனே தட்டிக் கொடுத்தான்.

“எம் பையன் தலைக்குள்ளயே எல்லா நம்பரும் இருக்கு” என்று அப்பா அன்றைக்கு நர்ஸ்களில் ஒருத்தியிடமும் சொல்லாமல் விடவில்லை.

அனுமதி வந்தால்தான் ஆபரேஷன். எண் செல்லாது என்று திரும்பி வந்தது. அண்ணன் அதே எண்ணை அதட்டலான ஒரு கடிதத்தோடு மறுபடி அனுப்பினான். தங்கை இந்த வருடப் பட்டியலைச் செல்போனில் எடுத்துக் காட்டினாள். பழைய எண்ணை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இரண்டு வைத்திருந்தார்கள்.

“அண்ணா, அந்த நம்பரே இப்ப இல்லண்ணா.”

“எனக்கே பாடம் எடுக்கறியா? உனக்கு டிரெய்னிங் குடுத்ததே நான்தான்.”

“அவன் சொன்னா சரியாத்தாம்மா இருக்கும். விடு” என்றார் அப்பா, கட்டிலிலிருந்து. அதைச் சொல்லவே மூச்சு வாங்கியது. விட்டாள்.

கடிதமும் திரும்பி வந்தது. அதன் பிறகுதான் தங்கை யாருக்கும் சொல்லாமல் மேசைப் பெண்ணிடம் போய், புது எண்களைப் போட்டு அனுப்ப வைத்தாள். அது நேற்று. இன்று விடியும்போது அப்பாவுக்குக் காத்திருக்க முடியாமல் போயிற்று.

“இன்சூரன்ஸ்காரன் கொன்னுட்டான் சித்தப்பா. நாம விஷயம் தெரிஞ்சவங்கன்னு பாத்து வேணும்னே இழுத்தடிச்சான்” என்று கூடத்தில் சொல்லிக்கொண்டிருந்தான் அண்ணன்.

அவன் சட்டைப் பையில் அப்பாவின் செல்போன் முனகியது. எடுத்துப் படித்தான். அனுமதி வந்திருந்தது. கீழே இரண்டு எண்கள். கட்டைவிரல் அவற்றின் மேல் நின்றது. நிமிர்ந்து தங்கையைப் பார்த்தான். அவள் பார்வையை எடுக்கவில்லை. சித்தப்பா பக்கம் திரும்பினான்.

“பாத்தீங்களா? இப்ப வருது அப்ரூவல்.”

“உன் லெட்டரப் பாத்து ஆடிப் போயிட்டான்டா” என்றார் சித்தப்பா.

“சார் எழுதினா அப்படி சார்” என்றது மாலை கொண்டுவந்த கை.

“என்ன எழுதி என்ன...” என்றான் அண்ணன் அடக்கமாக. அடக்கம் அவனுக்கு இரவல் சட்டை மாதிரி அக்குளில் பிடித்தது.

அம்மா முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் முகத்துக்கு நேரே பனி படிந்துகொண்டே இருந்தது.

“கேட்டீங்களா? எம் புள்ள கடைசி வரைக்கும் விடல” என்று பெட்டியைப் பார்த்துச் சொன்னாள். பிறகு மகள் பக்கம் திரும்பினாள். “நீயும் அதே வேலதானே பாக்கற. அண்ணன் மாதிரி நீயும் கொஞ்சம் அலைஞ்சிருக்கலாம்ல?”

தங்கை வாயைத் திறந்தாள். அழுது வீங்கிய அம்மாவின் முகத்தில் அந்த ஒரு பெருமைதான் மிச்சமிருந்தது.

“ஆமாம்மா” என்றாள்.

அம்மா சாய்ந்ததில் பெட்டி மறுபடி ஆடியது.

“தடியா ஏதாவது கேட்டேனேம்மா” என்றார் பெட்டிக்காரர்.

உள்ளறை ஷோகேஸில், அண்ணன் வாங்கிய ஷீல்டுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் உறை போட்டு நின்றது அந்தப் பழைய வருடத்துப் புத்தகம். வேறு யாரும் தொடக்கூடாது. தங்கை அதை எடுத்து வந்து பெட்டியருகே மண்டியிட்டாள்.

“ஏய், அது...” என்றான் அண்ணன்.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

“ஒண்ணுமில்ல” என்றான். அவனே குனிந்து மூலையைத் தூக்கிப் பிடித்தான். அவள் புத்தகத்தைத் தள்ளினாள்.

“அளவெடுத்த மாதிரி இருக்கு” என்றார் பெட்டிக்காரர்.

வாசலில் யாரோ செருப்பைக் கழற்றினார்கள். அண்ணன் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு எதிர்கொண்டு போனான். “இன்சூரன்ஸ்காரன் கொன்னுட்டான் சார்...”

வந்தவர் பெட்டியின் மேல் கையை ஊன்றிக் குனிந்தார். பெட்டி ஆடவில்லை. அப்பா தலையசைக்கவில்லை.