வெட்டி எறிந்த மூன்று தட்டல்கள்

1

இந்தக் கதை ஒரு ஒலிநாடாவிலிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். யார்க்‌ஷயர் மலைக்கிராமத்தில், எழுபது வருடத்துக்கு முன், வில்ஃப் ரெய்ஸ்ட்ரிக் என்ற விவசாயி தன் ஊர்ப் பேச்சில் மாடுகளைக் கூப்பிட்ட பதிவு. கேட்டதும் எழுதத் தொடங்கினேன்:

மூடுபனி புல்வெளியை மெல்ல மெல்ல

(வேண்டாம். இங்கே எல்லோரும் மூடுபனியில்தான் தொடங்குகிறார்கள்.)

2

அதே ஊரில் பிறந்த கலைஞர் ஜான்சிஸ் த்வெய்ட் பழைய பால் கேன்கள் பதினொன்றைக் கல்சுவரில் தொங்கவிட்டு, உள்ளே ஒலிபெருக்கி வைத்தாள். ஒலி ஆவணக் காப்பகத்திலிருந்த வில்ஃபின் குரல் அவற்றிலிருந்து வரும். இரண்டு வருட உழைப்பு. சனிக்கிழமை கண்காட்சித் திறப்பு. ஆனால் சுவர் வில்ஃபின் மகனும் அவளோடு பள்ளியில் படித்தவனுமான கிளிஃபோர்டுடையது. அவன் மறுத்தால் எல்லாவற்றையும் இறக்க வேண்டியதுதான்.

முதல் வரைவில் அவனைக் கோபக்காரனாக்கினேன். பொய். அவன் பயந்திருந்தான்.

"டவுன்காரங்க எங்கப்பா பேச்சக் கேட்டு சிரிக்கணுமா? இப்படிப் பேசுனதுக்கு ஸ்கூல்ல நிக்க வெச்சாங்களே, மறந்துட்டியா?"

"உன்னத்தான் நிக்க வெச்சாங்க. நான் என் பேச்ச டக்குனு மாத்திக்கிட்டேன். அதுக்குத்தான்டா இதச் செய்றேன்."

3

சோதனைக்காக ஒலிக்கவிட்டதும் கேன்கள் பேசின. மாடுகள் மேய்ந்துகொண்டே இருந்தன.

"ஒண்ணுகூடத் திரும்பல பாரு. இது எங்கப்பாவே இல்ல. வாளி எங்க?"

"எந்த வாளி?"

"தீவன வாளிம்மா! மூணு தட்டு தட்டிட்டுத்தான் வாயவே தொறப்பாரு. நானும் அப்படித்தான்."

ஜான்சிஸின் முகம் சிவந்தது. குரல் தெளிவாக இருக்கட்டும் என்று, இரைச்சலாக நினைத்து அவள்தான் அந்தத் தட்டல்களை வெட்டி எறிந்திருந்தாள்.

(நானும் இந்தக் கதையில் மூன்று பத்திகளை வெட்டினேன். இப்போது குப்பைக்கூடையில் அவற்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.)

"தட்டலச் சேத்துட்டு சனிக்கிழம போடு. மாடு வந்தா சுவரு உனக்கு. வரலன்னா இறக்கிரு."

4

சனிக்கிழமை. டவுன்காரர்கள் கையில் தேநீருடன் புல்வெளியில் நின்றார்கள். டண். டண். டண். பிறகு வில்ஃப்: "குஷ்... குஷ்... வாங்கடி என் தங்கங்களா!"

முப்பத்தெட்டு தலைகள் நிமிர்ந்தன. பிறகு மடி குலுங்க ஓடிவந்தன, மொத்த மந்தையும். திறப்புரைக்கு வந்த பேச்சாளர் பயந்து சுவர்மேல் ஏறிக்கொண்டார். 'யாரும் சிரிக்கவில்லை' என்று எழுதியிருந்தேன், அடித்துவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். கிளிஃபோர்டின் சிரிப்புதான் பெரிது.

5

ஒரு முடிவில் கிளிஃபோர்ட் அழுகிறான். கிழித்துவிட்டேன்.

இன்னொன்றில், மாடுகள் கேன்களையே பார்த்து நிற்கின்றன.

"கூப்பிட்டா தீனி போடணும்ல?" என்று கிளிஃபோர்ட் வாளியை எடுக்கிறான். "எங்கப்பா ஏமாத்துனதே இல்ல."

தீனித் தொட்டி மேட்டுக்கு அந்தப் பக்கம்; மாடுகளை அங்கே கூட்டிப்போக வேண்டும். அவன் மூன்று தட்டு தட்டி, அத்தனை டவுன்காரர்கள் முன்னாலும் வாயைத் திறக்கிறான்.

அவன் கூப்பிட்டதை நான் எழுதப்போவதில்லை. உங்களைப் பள்ளியில் நிற்க வைத்த ஒரு பேச்சு உங்களிடமும் இருக்குமே, அதில் நீங்களே கூப்பிடுங்கள். சத்தமாக. மாடுகள் காத்திருக்கின்றன.