பனிச்சிறுத்தைக்கு ஒரு நேர்த்தி

தர்சினி, நீ இப்போது நித்திரையாக இருப்பாய். எழும்பியதும் இதை வாசி. வாசித்துவிட்டுப் பெரியம்மாவிடம் சொல்லிவிடாதே. உனக்கு மட்டும்தான் எழுதுகிறேன். பயத்தில் படுக்க முடியவில்லை.

நாளை மறுநாள் எங்கள் பயணம். சிட்னியிலிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து லே, அங்கிருந்து பனிச்சிறுத்தை பார்க்க மலைக்குள்ளே. எச்.எஸ்.சி. பரீட்சை முடிந்ததும் எங்கே போக விருப்பம் என்று அப்பா கேட்டபோது, நான் பாலித் தீவு என்று சொல்லுவேன் என்றுதான் நினைத்திருப்பார். நான் லடாக் என்றேன். என் அறைச் சுவர் முழுக்க என்ன ஒட்டியிருக்கிறது என்று உனக்குத் தெரியும். அப்பா அந்தச் சுவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "சரி, நாய்க்குட்டி கேக்காமல் விட்டியே" என்றார்.

கூட்டிக்கொண்டு போகிறவர் கிரிஜா. நீங்கள் இருக்கிற கிரெய்கிபர்னில்தான் அவரும் இருக்கிறார். ஊர் கோயம்புத்தூர், விலங்கியல் படித்தவர். ஒவ்வொரு தை மாசியிலும் ஏழெட்டுப் பேரைக் கூட்டிப் போவார். அங்கே உள்ளூர் ஆட்கள் விடியும் முன்னமே மலைமுகட்டில் ஏறித் தொலைநோக்கியால் தேடுவார்கள். எங்கேயாவது வால் அசைந்தால் வாக்கிடாக்கியில் சொல்லுவார்கள். நாங்கள் பாறையோடு பாறையாக வாய் திறக்காமல் மணிக்கணக்கில் இருந்து பார்க்க வேண்டும். சில வருடங்களில் ஒன்றும் வராதாம். "பூனை வரும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். உக்காந்து பாக்க இடம் காட்டுவேன், அவ்வளவுதான்" என்று முதல் சூம் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார். அதைக் கேட்டுத்தான் எனக்கு அவரைப் பிடித்தது.

பதினெட்டு ஆகாதவர்கள் தாய் அல்லது தகப்பனோடு வர வேண்டும் என்பது அவர் விதி. என் பிறந்தநாள் மே மாதம். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. ஆகவே அம்மா.

புளூ மவுண்டன்ஸுக்குப் போனால்கூட, "இஞ்ச இருந்தே தெரியுதுதானே" என்று காரை விட்டு இறங்காத அம்மா. அவர்தான் தன் முதுகுப்பைக்குள் சம்பா அரிசிப் பையை வைத்துக்கொண்டு, பின்னேரங்களில் பெண்டில் ஹில் பூங்காவைச் சுற்றிச் சுற்றி நடந்தார். வழியில் கண்ட கமலினி அன்ரி, "என்ன விமலா, கடைக்காரன் இப்ப உன்னை வைச்சோ டெலிவரி செய்யிறான்?" என்று கேட்டார். அம்மா நிற்கவில்லை. "மூச்சு வாங்கேக்க கதைக்கப்படாது எண்டு கிரிஜா சொன்னவ" என்று சொல்லிக்கொண்டே போனார்.

கிரிஜா இன்னொன்றும் சொல்லியிருந்தார். எனக்கு அது மனப்பாடம். "மேல போனா பசி செத்துடும். பசிக்கலைன்னாலும் சாப்பிடணும், தாகம் இல்லைன்னாலும் குடிக்கணும். தலை வலிச்சா மறைக்கக் கூடாது. ஒரு வருஷம் ஒருத்தர் மறைச்சாரு. ராத்திரி பனில ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டு இறங்கினோம். அவர் பொழைச்சதே பெரிய விஷயம்." திரையில் எல்லோரும் தலையாட்டினார்கள். அதிகமாக ஆட்டியது அம்மாதான்.

போன சனிக்கிழமை அப்பா எங்களைத் தன் வேலையிடத்துக்குக் கூட்டிப் போனார். அவர் குளிர்களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் என்பது உனக்குத் தெரியும்தானே. வெளியே வெயிலில் தார் இளகிக்கொண்டிருந்தது, உள்ளே மைனஸ் இருபத்திரண்டு. "ஜக்கெட்டைக் கடையில போட்டுப் பாக்கிறதெல்லாம் ஒரு பாக்கிறதே? இஞ்ச போட்டுப் பாப்பம்" என்பது அப்பாவின் யோசனை. சூப்பர்வைசரிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்கியிருந்தார்.

நானும் அம்மாவும் கார்ப்பார்க்கில், அந்த வெயிலில், இரண்டு காற்சட்டை, மூன்று சட்டை, இறகு ஜக்கெட், தொப்பி எல்லாம் போட்டோம். லொறிக்காரர் ஒருவர் எங்களைப் படம் எடுத்தார். உள்ளே போனதும் மூக்குக்குள் மயிர் விறைத்தது. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. கையுறையோடு தொலைநோக்கியைத் திருப்பிப் பழகினேன். தூரத்து அடுக்கில் இருந்த மீன் பெட்டியின் பெயரை வாசித்தேன்.

"அம்மா, நீங்கள் பாருங்கோ" என்று திரும்பினேன். அம்மாவின் உதடு வெள்ளையாக இருந்தது. அப்படியே உறைந்த பட்டாணிப் பெட்டிகள் மேல் சரிந்து இருந்துவிட்டார்.

"விமலா, என்னப்பா?" என்று அப்பா ஓடி வந்தார்.

"ஒண்டுமில்லை. சப்பாத்து வழுக்கினது."

சப்பாத்து வழுக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

வெளியே கொண்டுவந்து காரில் இருத்தினோம். உள்ளே போக இரவல் வாங்கிய மஞ்சள் அங்கிகளைத் திருப்பிக் கொடுக்க அப்பா போனார். நான் ஒரு வாழைப்பழத்தை உரித்து நீட்டினேன். அம்மா முகத்தைத் திருப்பினார்.

"காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?"

"தேத்தண்ணி."

"நேற்று இரவு?"

"என்ன நீ, பொலிஸ் மாதிரி. நான் ஒரு நேரந்தான் சாப்பிடுறன். மேய்ஸ் ஹில் முருகனுக்கு நேர்த்தி வைச்சிருக்கிறன். நீ அந்தப் பூனையைக் கண்டு, சுகமாய்த் திரும்பி வீட்டை வாறவரைக்கும் ஒரு நேரம். தைப்பூசத்துக்கு முழுப் பட்டினி."

தைப்பூசம் வருகிற அன்றைக்கு நாங்கள் எங்கே இருப்போம் என்று கணக்குப் பார்த்தாயா? மலையில், கூடாரத்தில்.

"அம்மா, சீரியஸ்லி? கிரிஜா அக்கா சொன்னதைக் கேட்டனீங்கள்தானே?"

"கேட்டனான். அது விரதம் பிடிக்கத் தெரியாத ஆக்களுக்கு."

"மலைக்கு அது தெரியாது."

"முருகனுக்குத் தெரியும். நீ நாள் வரமுன்னமே பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள்ள கிடக்கேக்க டொக்டர்மார் கையை விரிச்சவங்கள். நான் என்னத்தைச் செய்தனான்? ஒரு நேரச் சாப்பாடு. நீ வந்தனிதானே?"

நான் அந்தக் காரில் உயிரோடு இருந்தேன், அதுதான் அவருடைய சாட்சி.

அப்பா திரும்பி வருவது தெரிந்ததும் அம்மா குரலைத் தாழ்த்தினார். "அப்பாட்டைச் சொன்னால் பயணத்தை நிப்பாட்டுவார். கிரிஜாட்டைச் சொன்னால் அவவும் நிப்பாட்டுவா. உனக்குப் பூனை வேணுமோ வேண்டாமோ, நீயே யோசி."

யோசித்தேன் தர்சினி. சனியிலிருந்து அதைத்தான் செய்தேன். முதலில் நானே சமாளிக்கலாம் என்று பார்த்தேன். பாணில் வெண்ணெய் பூசி மேசையில் வைத்தேன், அப்படியே கிடந்தது. "நீங்கள் வேலை செய்யிற முதியோர் இல்லத்தில ஆரும் சாப்பிடாட்டில் சும்மா விடுவீங்களோ?" என்று கேட்டேன். "அதுகள் வயசு போனதுகள்" என்றார். பிறகு, பேசாமல் போய் வந்துவிடலாம், ஒன்றும் ஆகாது, அம்மா பலமான ஆள் என்றும் நினைத்தேன். அதை உன்னிடம் மறைக்கவில்லை. அந்தச் சிறுத்தையை நான் எவ்வளவு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் ஒவ்வொரு முறையும் அந்தக் கூடாரம் மனதில் வந்தது. எனக்குப் பக்கத்தில் அம்மா படுத்திருக்கிறார். தலை இடிக்கிறது. என்னை எழுப்பமாட்டார். எழுப்பினால் என் பயணம் கெட்டுவிடும் என்று விடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார். அம்மா அதைச் செய்வார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்று பின்னேரம் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிவிட்டுக் கிரிஜாவுக்குப் போன் எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் அழுதுவிட்டேன்.

"ராகவி, இதைச் சொன்னா நீயும் போக முடியாம ஆகலாம்னு தெரியுமா?"

"ஓம்."

"தெரிஞ்சுதான் சொல்றியா?"

"ஓம்."

"சரி. அழாத. அம்மாகிட்ட ஃபோனைக் குடு" என்றார்.

அம்மா குசினியில் பயத்தம் உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார். குழுவில் வருகிற எல்லோருக்கும். இரண்டு கையும் மா. அதனால் ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தேன்.

"அக்கா, நான் கிரிஜா பேசறேன்."

"சொல்லுங்கோ கிரிஜா. உங்களுக்கெல்லாம் உருண்டை பிடிக்கிறன். நீங்கள் இனிப்புச் சாப்பிடுவீங்கள்தானே?"

"நான் சாப்பிடுவேன் அக்கா. நீங்க சாப்பிடுவீங்களா?"

அம்மாவின் கை நின்றது. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை விவரிக்க எனக்குத் தெரியவில்லை. நான் குளிர்சாதனப்பெட்டியின் கைபிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சாமி விஷயத்துல நான் தலையிட மாட்டேன்" என்றார் கிரிஜா. "ஆனா சாப்பிடாதவங்கள மலைக்குக் கூட்டிட்டுப் போகவும் மாட்டேன். நீங்க லேல ஹோட்டல்ல இருக்கலாம். பாப்பாவும் உங்களோடதான் இருக்கணும்."

"நேர்த்தியை இடையில விட்டால் குற்றம். உங்களுக்குத் தெரியாதோ? நீங்களும் கோயிலுக்குப் போற ஆள்தானே."

"எங்கம்மா வருஷா வருஷம் பழனிக்கு நடந்து போவாங்க அக்கா. வழியில யாராவது கஞ்சி ஊத்தினா வாங்கிக் குடிச்சிட்டுத்தான் நடப்பாங்க. மயங்கி விழுந்தா கூட வர்றவங்களுக்குத்தானே கஷ்டம்னு சொல்வாங்க."

அம்மா உருண்டை ஒன்றை எடுத்து, உடைத்து, மறுபடி பிடித்தார். உடைக்க முன்னமே அந்த உருண்டை நன்றாகத்தான் இருந்தது. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"சாப்பாட்டை விட்டுட்டு வேற ஒண்டைப் பிடிச்சால்?"

"என்ன பிடிப்பீங்க?"

"கதைக்காமல் இருக்கிறன். மௌன விரதம். மலையில நிக்கிற நாள் முழுக்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து மூக்கால் வந்தது. அம்மா முறைத்தார்.

"அது இதைவிட மோசம் அக்கா" என்றார் கிரிஜா. "உங்களுக்குத் தலை வலிச்சா எனக்கு யாரு சொல்லுவா?"

"கையால காட்டுவன்."

"ராத்திரி கூடாரத்துக்குள்ள நீங்க கையைக் காட்டினா, வெளில இருக்கற எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப என்னதான் செய்யச் சொல்லுறீங்கள்?"

"பாறைல உக்காந்து தேடற நேரம் முழுக்க மௌனம். அது எங்க எல்லாருக்குமே வேணும். கேம்ப்புக்கு வந்தா வாயத் திறந்து எங்கிட்ட சொல்லணும். என்ன சாப்பிட்டீங்க, எவ்வளவு குடிச்சீங்க, எங்க வலிக்குது."

"நீங்கள் எங்கட முருகனோட பேரம் பேசுறீங்கள்."

"அவர் மலைல இருக்கறவர்தானே அக்கா. புரிஞ்சுக்குவார்." பிறகு கிரிஜாவின் குரல் மாறியது. "நாளைக்கு மத்தியானம் வீடியோல கூப்பிடுவேன். என் கண்ணு முன்னாடி சாப்பிடுங்க. இல்லைன்னா உங்க ரெண்டு பேரையும் நான் ஏத்த மாட்டேன். பாப்பா மேல கோவிக்காதீங்க. அவ பயந்து போயிருக்கா."

போன் நின்றதும் ஹோலில் இருந்து அப்பா, "ஆர் ஃபோனில?" என்று கேட்டார்.

"உங்கட மகள் என்னைக் காட்டிக் குடுத்திட்டாள்" என்று அம்மாவே எல்லாவற்றையும் சொன்னார். நான் நினைத்ததுபோல அப்பா சத்தம் போடவில்லை. பயணத்தை நிப்பாட்டவும் இல்லை. குசினி வாசலில் வந்து நின்று கேட்டார்.

"அப்ப ஃப்ரீஸருக்குள்ள விழுந்தது உந்த விரதத்தாலையோ?"

"நான் விழேல்லை. இருந்தனான்."

"ஓம், பட்டாணிக்கு மேல." அப்பா சட்டியில் இருந்த சோற்றைச் சூடாக்கிக் கோப்பையில் போட்டு அம்மா முன் வைத்தார்.

அம்மா தொடவில்லை. "முருகனிட்டை வைச்ச நேர்த்தி. அவரிட்டைப் போய்ச் சொல்லாமல் நான் வாயில ஒண்டும் வைக்க மாட்டன். காலமைப் பூசைக்குப் போய்க் கேக்கிறன்."

"அவர் என்ன சொன்னவர் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியும்."

இதுதான் தர்சினி என் பயம். காலையில் அம்மா சந்நிதியில் கண்ணை மூடி நிற்பார். நான் பக்கத்தில் நிற்பேன். கண்ணைத் திறந்து, நேர்த்தியை மாற்ற வேண்டாம் என்று முருகன் சொல்லிவிட்டார் என்று சொன்னால் முடிந்தது. அதற்கு மேல் அப்பீல் இல்லை. சுவரில் இருக்கிற படத்தோடு நான் இன்னும் எத்தனையோ வருடம் இருக்க வேண்டியதுதான். அப்படி நடந்தாலும் நான் கிரிஜாவிடம் சொன்னது பிழை என்று எனக்குத் தோன்றவில்லை. அதுதான் எனக்கே ஆச்சரியம்.

இதைப் போனில் தட்டிக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது. அம்மா வந்து என் கட்டில் ஓரத்தில் இருந்தார். குசினியில் கதைத்த பிறகு என்னோடு ஒரு சொல்லும் கதைத்திருக்கவில்லை. சுவரில் இருக்கிற பெரிய படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உதுக்கு ஏன் உவ்வளவு நீள வால்?"

"படுக்கேக்க முகத்தை மூடிக்கொள்ளும். போர்வை மாதிரி."

"கெட்டிக்காரி." பிறகு என்னைப் பாராமலே சொன்னார். "நீ என்னைக் கேக்காமல் வெளியாக்களிட்டைச் சொன்னது எனக்குக் கோவம்தான்."

"ஐ நோ."

"பூனையை விட்டிட்டு ஏன் சொன்னனி?"

"நீங்கள் வேணும் எண்டு."

அம்மா போர்வையை இழுத்து என் காலை மூடினார். இந்த வெக்கையில். எழும்பிக் கதவடிக்குப் போனவர் திரும்பி நின்றார்.

"பூசை முடிய ஹரிஸ் பார்க்கால வருவம். அங்க கடையில மசாலாத் தோசைக்குள்ள உருளைக்கிழங்கு நிறைய வைப்பான். மலை ஏறுறதுக்குக் கிழங்கு நல்லம்தானே? இல்லாட்டி நெய்த் தோசை எடுப்பமோ?"

"ரெண்டையும் எடுப்பம்" என்றேன்.

"ரெண்டோ? சரி, பாப்பம். நித்திரை கொள்ளு, வெள்ளன எழும்ப வேணும்" என்று அம்மா லைட்டை அணைத்துவிட்டுப் போனார்.