பூத்தும் காய்க்காத வாளித் தக்காளி

1

2026 பிப்ரவரி 10, செவ்வாய். நேற்று எழுதிய தொடக்கத்தில் ஒரு தவறு. ராயபுரத்து மொட்டைமாடியில் ஒரு தக்காளிச் செடி காய்க்காததற்குக் கடற்காற்றைக் குற்றவாளி ஆக்கியிருந்தேன். வசதியாக இருந்தது, காற்று மறுத்துப் பேசாது. ஆனால் அதே காற்றில் எதிர்மாடி கெங்கம்மாவின் செடி குலைகுலையாகக் காய்த்திருக்கிறது. அந்த வரியை அடித்துவிட்டேன்.

2

கதை பிறந்தது எங்கள் வீட்டுச் செடியிலிருந்துதான். ‘நான்’ என்று எழுதினால் என்னை நல்லவளாக்கிக்கொள்கிறேன். ஆகவே என் பெயர் இங்கே மெர்லின்.

மெர்லினுக்குப் பகலில் துறைமுகப் பக்கம் அலுவலக வேலை, மாலையில் தாவரவியல் வகுப்பு. மாமியார் சிலுவையம்மாள் காசிமேட்டில் மீன் விற்றவர்; முழங்கால் வலி வந்தபின் வீட்டோடு இருக்கிறார். அடியில் ஓட்டை போட்ட பெயிண்ட் வாளியில் இருப்பது அவர் வளர்க்கும் முதல் செடி. தினமும் மீனைக் கல்லுப்பு போட்டு உரசி அலசி, அந்தத் தண்ணீரைச் சத்து என்று அதற்கு ஊற்றுவார்.

(மண்ணில் உப்பு ஏறினால் தண்ணீர் இருந்தும் வேரால் உறிஞ்ச முடியாது. இலை ஓரம் கருகும். பூ வரும், மகரந்தம் தேறாது, காம்போடு உதிரும். இந்தப் பத்தி பாடப்புத்தகம் போல இருக்கிறது. இருக்கட்டும்.)

3

“இன்னா சிலுவ, பூவா பூத்துகினு கீது, ஒரு பிஞ்சக் கூட காணோம்? பூக்காரிக்கு வித்துடேன்!” என்றாள் கெங்கம்மா, எதிர்மாடியிலிருந்து.

“வரும்மே. மொத காயி உன் கொயம்புக்குத்தான்.”

சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு உதிர்ந்த பூக்களைக் கெங்கம்மா பார்க்காதபடி பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டார். மெர்லின் பார்த்துவிட்டாள்.

4

மெர்லின் துணிச்சலோடு உண்மையை

[இல்லை. துணி காயப்போடுகிற சாக்கில், முகம் பார்க்காமல்தான் சொன்னாள்.]

“அத்தே, மீன் கழுவுன தண்ணில உப்பு கீது. அதான் பூ கொட்டுது.”

“அப்போ என் கையாலயே கெடுத்துட்டனா?”

இங்கே அவரை அழவைத்து ஒரு வரைவு எழுதினேன். நன்றாகவே வந்தது. ஆனால் அவர் அழவில்லை. வாளியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இத்தினி நாளு பாத்துகினு இருந்தியே, வாய்ல இன்னா கொழுக்கட்டையா?”

“நீங்க கோச்சுக்குவீங்கன்னு...”

“கோச்சுகினுதான் கீறேன். உப்பு போடாம கழுவுனா வூடே கவுச்சி நாறி கலீஜாப் பூடும். அந்தத் தண்ணி இனிமே சாக்கடைக்கே போவட்டும். இதுக்கு இன்னா வழி, அத்த சொல்லு.”

“நல்ல தண்ணிய நெறைய ஊத்தி, உப்ப அடியில வடிச்சுடணும்.”

“நீயே தூக்கினு வா. கொடத்தோட என்னால ஏற முடியாது.”

5

முடிவு ஒன்று: காய் பிடிக்கிறது, கெங்கம்மா வாயடைத்துப்போகிறாள். முடிவு இரண்டு: செடி போய்விடுகிறது, இருவரும் புது விதை போடுகிறார்கள். இரண்டுமே செடியைக் கேட்காமல் எழுதியவை. நுனியில் விரியாத மொட்டுக் கொத்து ஒன்று மிச்சம் இருக்கிறது. அது காய் பிடிக்குமா என்ற முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் அத்தை எனக்கு ஒரு துண்டு மீன் கூடுதலாக வைத்தார். (மெர்லினுக்கு என்று எழுதியிருக்க வேண்டும்.)

நாளை: காலையில் குழாயில் தண்ணீர் வந்ததும் இரண்டு குடம் மாடிக்கு ஏற்ற வேண்டும். வாளியின் அடியில் வடியும்வரை மெதுவாக ஊற்ற வேண்டும்.